கடன்பட்டவர் யார்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, வெள்ளவத்தையிற் காலி வீதியோரமாக நாம் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே வந்த எமது பழைய மாணவி ஒருத்தி எம்மைக் கண்டாள். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் விரைந்துகொண்டிருந்த வீதியைக் குறுக்காகக் கடந்து, மறுபக்கத்துச் சனக்கூட்டத்தில் மறைந்துவிட்டாள். 2017ஆம் ஆண்டின் இறுதியில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானபோது, வீட்டாருக்குச் சொல்லிய கையோடு எம்மைத் தேடி ஓடிவந்து சொன்னவளும் இவளே.

படிப்பித்த ஆசிரியனைக் கண்டு மாணவி ஒளிந்தோட வேண்டிய நிலை எவ்வாறு வந்தது? அவள் எமக்கு யாதொரு தீங்கும் செய்தாளில்லை. அவள் பெற்ற கல்விக் கடனுக்கு நாம் பிணை நின்றோம். அக்கடனை அவளாற் கட்ட இயலவில்லை. இப்போது வங்கியின் கடிதங்கள் எமது முகவரிக்கு வருகின்றன. நடந்தது இவ்வளவே.

செய்தியறிந்த நண்பர்கள் ஆசிரியர் அறையில் எமக்காக இரங்கினர். “பட்ட கடனைக் கட்டத் தெரியாதவளுக்குப் பட்டம் எதற்கு?” என்றார் ஒருவர். “சேர், நீங்கள் ஏமாந்து போனீர்கள்” என்றார் மற்றொருவர். இருவரும் நல்லவர்கள், தொழிற்சங்கக் கூட்டங்களுக்குத் தவறாது வருபவர்கள். அவர்களே இவ்வாறு பேசுவராயின் ஏனையோர் எவ்வாறு பேசுவர் என்று எண்ணியபோதே இதனை எழுதத் துணிந்தோம். நாம் ஏமாந்தது உண்மை. ஆனால் எம்மை ஏமாற்றியவள் அந்தப் பெண் அல்லள்.

முதலில் அவள் கதையைக் கூறுவோம். அது அவள் ஒருத்தியின் கதையன்று.

தந்தை புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றிற் கணக்கெழுதியவர். தாய் வீட்டிலிருந்தபடியே தைப்பவர். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டு அறைகளுக்குள் ஐந்து பேர். அந்த வீட்டிலிருந்து படித்து வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்றாள். பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதியும் பெற்றாள். அனுமதிதான் கிடைக்கவில்லை.

இலங்கையில் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகின்றனர். அரச பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்வோர் தொகையோ நாற்பதாயிரத்தைச் சுற்றியே நிற்கின்றது. நால்வரில் ஏறத்தாழ மூவர், ‘தகுதியுடையோர்’ என்ற பட்டத்தை மட்டும் சூடிக்கொண்டு வாயிலில் நிற்கின்றனர். பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 இடங்கள் மாவட்ட மக்கட்டொகைக்கும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு இடமளிப்பது நியாயம். அதில் எமக்குப் பிணக்கில்லை. ஆயின் இக்கணக்கிற் கொட்டாஞ்சேனைச் சந்தும் கறுவாத்தோட்டத்து மாளிகையும் ‘கொழும்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வகுப்புக்கு வகுப்பு தனி ஆசிரியர் வைத்துப் படித்த பிள்ளை எட்டும் வெட்டுப்புள்ளியைத் தையல் இயந்திரத்தின் அருகிலிருந்து படித்த பிள்ளையும் எட்ட வேண்டும். எட்டாவிடின் குற்றம் அவளுடையது!

2018இல் அவள் தனியார் உயர்கல்வி நிறுவனமொன்றிற் சேர்ந்தாள். தாயின் தாலிக்கொடி செட்டியார் தெருவுக்குப் போயிற்று. எஞ்சிய தொகைக்கு வங்கியிற் கடன். வங்கி இரு பிணையாளரைக் கேட்டது. ஒருவர் அவளுடைய தாய்மாமன், மற்றவர் நாம். ‘படி’ என்று சொன்னவர் நாம். படிவத்தை நிரப்பியவர் நாம். கையொப்பமிட்டவரும் நாமே.

பின்னர் 2020இல் கொரோனாத் தொற்று வந்தது. விரிவுரைகள் தொலைபேசித் திரைக்குள் ஒடுங்கின, கட்டணம் ஒடுங்கவில்லை. அடுத்து 2022 வந்தது. ஏப்ரில் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இறக்குமதிச் சரக்கின்றிப் புறக்கோட்டைக் கடை படுத்தது, தந்தை வேலையிழந்தார். அந்த ஆண்டிற்றான் அவளுக்குப் பட்டம் கிடைத்தது. பட்டத்துக்குக் கிடைத்த வேலை, வெள்ளவத்தையிற் புடைவைக்கடை ஒன்றிற் காசாளர் வேலை. வாடகையும் அரிசியும் தம்பியின் படிப்புச் செலவும் போக மிஞ்சியதில் பதினான்கு மாதம் தவணை கட்டினாள். சந்தையோடு ஏறியிறங்கும் வட்டி என்று ஒப்பந்தத்தின் ஒரு மூலையில் எழுதியிருந்தது. ஏறியதை முழுமையாக அனுபவித்தாள். இறங்கியதன் பயனைக் காணுமுன்னரே தவணை நின்றுவிட்டது.

இவளையே ‘கடனைக் கட்டாதவள்’ என்கின்றோம்.

தமிழிற் கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருளுண்டு. வாங்கிய பணமும் கடன். ஆற்ற வேண்டிய கடமையும் கடன். பழைய பொருள் பின்னையதே. புறநானூற்றிற் பொன்முடியார் பாடிய தாய், பெற்று வளர்ப்பது தன் கடன் என்றும், மகனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடன் என்றும் சொல்லி, கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களையும் வகுத்துரைக்கிறாள். அப்பாட்டு எழுந்தது போர்ச் சமுதாயத்தில். அதன் இலட்சியம் இன்று எமதன்று. ஆயினும் அதில் ஓர் உண்மையுண்டு: ஒரு பிள்ளையை ஆளாக்குவது பலர் கூடிச் செய்ய வேண்டிய கடமை; அதில் அரசுக்கும் பங்குண்டு. அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் கடனுண்டு. பிள்ளைக்குள்ள கடன் கடைசியிலேயே வருகின்றது. இன்றோ எல்லாருடைய கடனும் கழிந்து, பிள்ளையின் கடன் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அதுவும் வட்டியோடு.

இலங்கை அரசு இக்கடமையை ஒருகாலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 முதற் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அன்று அதனை எதிர்த்த கனவான்கள் சொன்னவை இரண்டு: செலவை நாடு தாங்காது, எல்லாரும் படித்தால் உடலுழைப்புக்கு ஆளிராது. முதலாவது காரணத்தை உரத்துச் சொன்னார்கள். இரண்டாவதே அவர்கள் உள்ளத்திலிருந்தது. இலவசக் கல்வி முழுமையாக இருந்ததென்று நாம் சொல்லவில்லை. மலையகத்துத் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களிலேயே. ஒரு தலைமுறை முழுவதும் அந்த உரிமைக்கு வெளியே நின்றது. ஆயினும் உரிமை என்ற சொல்லாவது இருந்தது. நீளும் வேலிக்குள்ளே வராதவர்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று போராட ஒரு நியாயம் இருந்தது.

அச்சொல் மாறியதை நாம் கண்ணெதிரே கண்டோம். மாலபேயிலிருந்த தனியார் மருத்துவக் கல்லூரிக்கெதிராக மாணவர்கள் வீதியிலிறங்கி நின்ற 2017ஆம் ஆண்டிலேதான், அரச பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதோர் தனியார் நிறுவனங்களிற் பட்டம் பயில வட்டியில்லாக் கடன் வழங்கும் திட்டத்தை அரசு தொடக்கியது. எமது மாணவி சேர்ந்த பாடநெறி அதன் பட்டியலில் இருக்கவில்லை. பட்டியலில் இருந்தோர் பலர் அதனாற் படித்தனர். வட்டியில்லாதது வட்டியுள்ளதைவிட நல்லது. அதனை மறுக்கும் மூடர்களல்லோம் நாம். ஆனால் அதன் அமைப்பை உற்றுப் பாருங்கள். வட்டியை அரசு கட்டுகின்றது. முதல் மாணவனின் தலையில் விழுகின்றது. பணம் போய்ச் சேர்வது தனியார் நிறுவனத்தின் கணக்கில். பட்டத்துக்கு வேலை கிடைத்தாலென்ன, கிடைக்காவிட்டாலென்ன, நிறுவனம் தன் கட்டணத்தைப் பெற்றுவிட்டது. நட்டம் வந்தால் மாணவனும் அவன் பிணையாளரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இலாபத்துக்கு ஒருவர், நட்டத்துக்கு இன்னொருவர். இதற்குப் பெயர் கல்வி வாய்ப்பாம்!

உரிமை கடனாயிற்று, அதனை மறைக்க ‘உதவி’ என்று பெயர் சூட்டினர். உரிமை தரப்படாவிட்டால் மாணவன் அரசைக் கேள்வி கேட்கலாம். கடனைக் கட்டாவிட்டால் அரசும் வங்கியும் மாணவனைக் கேள்வி கேட்கும். கேட்பவனும் கேட்கப்படுபவனும் இடம் மாறிவிட்டனர். இம்மாற்றத்திற்றான் இத்திட்டங்களின் முழுப் பொருளும் இருக்கின்றது.

இனி, எதிர்த்தரப்பார் கூறுவனவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

“வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதானே நேர்மை?” என்பர். நேர்மைதான். அந்த நேர்மையின் அளவுகோலை எல்லாருக்கும் ஒன்றாகப் பிடிப்போம், வாருங்கள். 2022 ஏப்ரில் 12ஆம் திகதி இலங்கை அரசு, தான் பட்ட வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தது. அதற்காக அரசை யாரும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, தவணை நீட்டப்பட்டது, 2024 டிசெம்பரில் சர்வதேசப் பிணைமுறிகள் மாற்றப்பட்டபோது முதலிற் 27 சதவீதம் வரை தள்ளுபடி செய்யும் ஏற்பாட்டுக்குக் கடன் கொடுத்தோர் இணங்கினர். கட்ட முடியாதவனிடம் கட்டக்கூடியதை மட்டும் கேட்பதே அறிவு என்று உலக நிதிமன்னர்களே ஒப்புக்கொண்டனர். அரசுக்குப் பொருந்தும் இந்த அறிவு, அவ்வரசின் வீழ்ச்சியால் வேலையிழந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏன் பொருந்தாது?

இதைவிடக் கசப்பானதொன்றும் உண்டு. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளோ குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. அந்த நிதி யாருடையது? கடைச் சிப்பந்தியுடையது, தொழிற்சாலைப் பெண்ணுடையது, தோட்டத் தொழிலாளியுடையது, நான்காம் குறுக்குத் தெருவிற் கணக்கெழுதிய அந்தத் தந்தையுடையது. அரசு பட்ட கடனுக்குத் தன் முதுமைக்கால வருமானத்திலிருந்து சலுகை கொடுத்தவர் அவர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் மகள் பட்ட கடனுக்குச் சலுகை கொடுப்பார் எவருமில்லை. நண்பர்களே, இந்தக் கணக்கிற் கடன்பட்டவர் யார்? கடன் கொடுத்தவர் யார்?

“ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அநீதியாகாதா?” என்பது அடுத்த கேள்வி. கேள்வி நேர்மையானது. வயிற்றைக் கட்டிக் கடனைக் கட்டியவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் பட்ட துன்பம், பின்வருவோரும் படவேண்டும் என்பதற்கு ஆதாரமாகாது. 1945க்கு முன் காணியை விற்றுப் பிள்ளையைப் படிப்பித்த பெற்றோர், ‘நாங்கள் விற்றோம், மற்றவரும் விற்கட்டும்’ என்று இலவசக் கல்வியைத் தடுத்திருந்தால் இன்று இக்கட்டுரையை எழுத நாமுமில்லை. படிக்கும் உங்களிற் பலரும் இல்லை.

“கட்டக்கூடியவர்களும் ஏய்க்கிறார்களே?” உண்மை. பொதுப்பணத்தில் மேற்படிப்புக்கென வெளிநாடு சென்று, ஒப்பந்தத்தை மீறி அங்கேயே நல்ல சம்பளத்தில் தங்கிவிட்ட விரிவுரையாளர்களும் உளர். அவர்களுக்குப் பிணை நின்ற சக ஆசிரியர்கள் இங்கே அல்லற்பட்டனர். அத்தகையோருக்காக நாம் ஒரு சொல்லும் பேசவில்லை. கட்ட மாட்டாதவனையும் கட்ட இயலாதவளையும் ஒரே பட்டியலில் எழுதுகின்ற முறையைத்தான் கண்டிக்கின்றோம். கடன் தகவற் பணியகத்தின் ஏட்டில் இருவர் பெயருக்கும் எதிரே ஒரே குறிதான் விழுகின்றது. அக்குறி விழுந்தபின் வேறெந்த வங்கியிலும் கடன் பெறுவது அரிது. பிணை நின்றவரின் பெயரும் தப்புவதில்லை. வீட்டுக் கூரையைத் திருத்த நாம் விண்ணப்பித்த சிறு கடன் ஒன்று அண்மையில் மறுக்கப்பட்டபோது, அந்த ஏடு எவ்வளவு நீளமானது என்பதை அறிந்துகொண்டோம்.

“நாடு வறியது, இலவசமாக எத்தனை பேரைப் படிப்பிப்பது?” இது கனவான்களின் 1943ஆம் ஆண்டுக் கேள்வியேதான், உடுப்பு மட்டும் புதிது. 2012இற் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி ஏறக்குறைய நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இன்றைக்கும் ஒதுக்கீடு 2 சதவீதத்தை ஒட்டியே ஊர்கின்றது. வறுமையால் ஒதுக்கவில்லை என்பதை நம்புவதற்கு, மற்றச் செலவுகளிலும் அந்த வறுமையைக் காணவேண்டும். கண்டோமில்லை.

கடனால் உயர்கல்வியை நடத்தும் பாதை எங்கே போய் முடியுமென்பதற்கு உலகம் சாட்சி. அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் அதிகமானோர் அரசிடம் பட்ட கல்விக் கடன் ஒன்றரை இலட்சம் கோடி டொலரையும் தாண்டிவிட்டது. அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய முயன்ற திட்டத்தை 2023 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. அண்டையிலுள்ள தமிழகத்திலோ, பொதுத்துறை வங்கியொன்று தன் கல்விக் கடன்களைத் தனியார் கடன்மீட்புக் கம்பெனியொன்றுக்குப் பாதி விலைக்கும் குறைவாக விற்றது. அக்கம்பெனியின் ஆட்கள் கொடுத்த நெருக்குதலின் பின்னர், 2016 ஜூலையில் மதுரையிற் பொறியியல் படித்த ஓர் இளைஞன் உயிரிழந்தான். கம்பெனிக்குப் பாதிக்கும் குறைவான விலையிற் கொடுக்க முடிந்த கடனை, அதே விலைக்கு அந்த இளைஞனிடம் முடித்திருக்க முடியாதா? அவனுக்கில்லாத சலுகை தரகனுக்கு எங்கிருந்து வந்தது?

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஜேர்மனியின் மாநிலங்கள் பல, இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பல்கலைக்கழகக் கட்டணம் விதித்தன. மாணவரின் எதிர்ப்பால் 2014ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களிலும் அது ஒழிந்தது. சிலி நாட்டு மாணவர் 2011இல் வீதியை நிறைத்தனர். அடுத்த ஆண்டிற் கல்விக் கடனின் வட்டி 6 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. 2016 முதல் வறிய குடும்பத்து மாணவருக்கு உயர்கல்வி இலவசமாயிற்று. யாரும் கருணையாற் கொடுத்ததன்று. கடன்பட்டோர் வெட்கப்படுவதை நிறுத்தி ஒன்றுசேர்ந்தபோது கிடைத்தது.

வெட்கம். இச்சொல்லைக் கவனியுங்கள். கடனின் மிகக் கொடிய விளைவு பண நட்டமன்று. அது மனிதனைத் தனியனாக்குகின்றது. கடன்பட்டவள் பழைய தோழியரைச் சந்திக்க அஞ்சுகிறாள். தாய்மாமன் வீட்டுக் கலியாணத்துக்குப் போக அஞ்சுகிறாள். சம்பளம் போதாதென்று முதலாளியிடம் வாய் திறக்க அஞ்சுகிறாள். ஆசிரியனைக் கண்டு வீதியைக் கடக்கிறாள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் இவ்வாறு எத்தனை இளைஞர்கள், ஒவ்வொருவரும் தத்தம் தலையெழுத்தென்று எண்ணி, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கின்றனர்! அரசின் தவறு ஆயிரம் தனி வீடுகளின் மானப் பிரச்சினையாக உருமாறியிருப்பதே ஆளுவோருக்குப் பெரிய வசதி.

ஆகவே நாம் கேட்பவை இவை. வாழ்க்கைச் செலவுக்கும் போதாத சம்பளம் பெறுவோரிடமிருந்து தவணை அறவிடல் நிறுத்தப்பட வேண்டும். வருமானம் உயரும்போது அதற்கேற்ற அளவிற் பெறலாம். 2022இன் நெருக்கடியால் ஏறிய வட்டியும் தண்டமும் நீக்கப்பட வேண்டும். பிணையாளரைத் துரத்தும் முறை ஒழிய வேண்டும். படித்தவனின் பட்டம் அவனுக்குச் சோறு போடாவிடின், கட்டணம் பெற்ற நிறுவனமும் நட்டத்திற் பங்கேற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடனை இடத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் தந்திரத்தை விட்டு, அரச பல்கலைக்கழகங்களில் இடங்களையும் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் பெருக்க வேண்டும். கடன்களைத் தள்ளிவிட்டு இடங்களைப் பெருக்காவிடின், அடுத்த ஆண்டு வாயிலில் நிற்கும் பிள்ளை மீண்டும் பிணையாளரைத் தேடி எம்மிடமே வருவாள்.

ஆசிரியர்களே, எமக்கும் ஒரு கடன் உண்டு. ‘எப்படியாவது படி’ என்று நாம் வகுப்பில் நாள்தோறும் சொல்கின்றோம். அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லுக்குள் தாலிக்கொடியும் வங்கியும் பிணையும் ஒளிந்திருப்பதை நாம் சொல்வதில்லை. நல்லெண்ணத்தாலேதான் சொன்னோம்; ஆயினும் அநீதியின் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கை எம்முடையதே. இனி, படிவம் நிரப்புவதோடு நில்லாமல், அப்படிவம் ஏன் வேண்டியிருக்கின்றது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். எமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிற் சம்பள முரண்பாட்டுக்கு அருகே மாணவரின் கடனையும் எழுதுவோம்.

வங்கியின் தவணையை நாம் இப்போது மாதந்தோறும் எமது சம்பளத்திலிருந்து கட்டிவருகின்றோம். கையொப்பமிட்டோம், கட்டுகின்றோம். அதனை அவளுக்கு ஒரு நண்பர் மூலம் சொல்லியனுப்பினோம். அவள் எமக்கு எதுவும் தரவேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியனுப்பினோம். தரவேண்டியவர் வேறிடத்தில் இருக்கின்றார். அவரிடம் கேட்பதற்கு அவளும் எம்மோடு வரவேண்டும்.